இப்போது என்ன ஓடுகிறது? ராக் ஆல்பம் கேட்கும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் கூடுகிறோம். இந்த நாட்களில் தான் கேட்டுக்கொண்டிருக்கும் ராக் ஆல்பம் ஒன்றைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும். அவ்வளவுதான். தலைவர் கிடையாது, பொன்னாடை கிடையாது, நன்றியுரையும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில்களை எழுதி வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. என் சொந்தப் பிடிவாதங்களும் இதில் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பம், ஆல்பம் என்கிறீர்களே. பிடித்த பாட்டை மட்டும் கேட்டால் ஆகாதா?

தாராளமாக ஆகும். நாங்களும் வாரம் முழுக்க அப்படித்தான் கேட்கிறோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் முழு ஆல்பம் வேண்டும். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பழங்கதை பேச வேண்டியிருக்கிறது.

கிராமபோன் காலத்து அரக்குத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். நீளமான இசை என்றால் நாலைந்து தட்டு தேவைப்படும். அவற்றை உறை உறையாகச் சேர்த்துத் தைத்த அட்டைப் புத்தகத்தில் போட்டு விற்றார்கள். பார்க்கப் போட்டோ ஆல்பம் மாதிரி இருந்ததால் அதே பெயர் நின்றுவிட்டது. நம் ஊருக்கு இந்தத் தட்டு புதிதல்ல. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரே சினிமா எடுக்க இறங்கும் முன் இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தவர்தான்.

1948-இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்.பி. என்ற நீள இசைத்தட்டு வந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அந்த இருபது நிமிடத்தை என்ன செய்வது என்று யோசித்தவர்களால்தான் ராக் ஆல்பம் என்ற தனி வடிவம் உருவானது. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973-இல் வந்தது, மொத்தம் 43 நிமிடம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பெரும்பாலும் இடைவெளியே கிடையாது. ஒன்று தேய்ந்துகொண்டே அடுத்ததில் கரையும். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடியும். செட்டிநாட்டு வீட்டில் தலைவாசலில் நின்றால் கட்டுக் கட்டாகத் தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியுமே, அந்த மாதிரி கட்டிய ஆல்பம் அது. நடுவில் ஒரு பாட்டை மட்டும் உருவிக் கேட்பவருக்கு வாசல் இரண்டும் தெரியாது.

ராக் என்றால் எது வரைக்கும்?

நாங்கள் எல்லைக்கல் நடவில்லை. ப்ளூஸ் ஒட்டியது, பங்க், மெட்டல், ப்ரோக்ரசிவ் எல்லாம் வந்திருக்கிறது. ஒருமுறை ஒருவர் ஜாஸ் ஆல்பத்தோடு வந்தார். "இதில் கிட்டார் சத்தமாக இருக்கிறது, போதாதா அண்ணே?" என்றார். போதும் என்று விட்டுவிட்டோம்.

நான் என்ன பேச வேண்டும்? "செமயா இருக்கு" என்பதற்கு மேல் எனக்கு வரவில்லையே.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நீட்டி எழுதுகிறேன்.

காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் விழாவுக்குச் சின்ன வயதில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். பாதிப் பேச்சில் தூங்கியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று மனதில் பதிந்தது. நல்ல பேச்சாளர் "கம்பன் மகாகவி" என்று சொல்லிவிட்டு உட்கார மாட்டார். ஒரு பாட்டைச் சொல்வார், ஒரு சொல்லில் வந்து நிற்பார். "இந்த இடத்தில் ஏன் இந்தச் சொல்?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் நம்மை அங்கேயே நிறுத்தி வைப்பார். அந்தச் சொல் அதற்குப் பிறகு நம்மை விட்டுப் போகாது.

ஆல்பத்துக்கும் இதைத்தான் கேட்கிறோம். ஏதாவது ஓர் இடத்தில் வந்து நில்லுங்கள். எந்தப் பாட்டு, ஏறத்தாழ எத்தனையாவது நிமிடம், அங்கே என்ன நடக்கிறது, அப்போது உங்களுக்கு என்ன ஆயிற்று. "வேற லெவல்", "காவியம்", "கூஸ்பம்ப்ஸ்" போன்றவை எல்லா ஆல்பத்துக்கும் பொருந்தும் சொற்கள். அவற்றைக் கேட்டு யாரும் வீட்டுக்குப் போய் ஆல்பத்தைத் தேடியதாக எனக்கு ஞாபகமில்லை.

ஓர் உதாரணம். நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' 1991-இல் வந்தது. உலகமே கேட்டுத் தேய்த்த ஆல்பம். அதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஆத்தங்குடிப் பக்கம் தரை ஓடு போடும் தொழிலில் இருக்கும் ஒரு தம்பி சொன்னான்: "இவங்க மெதுவா வாசிக்கிற இடத்திலதான் எனக்குப் பயமா இருக்கு. சத்தம் வந்ததும் நிம்மதி ஆயிடுது." மெதுவாகத் தொடங்கிச் சட்டென்று வெடித்து மறுபடி அடங்கும் அந்த அமைப்பைப் பற்றி நானும் நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் பயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவன் சொன்ன பிறகுதான் கவனித்தேன். இப்போது என்னால் வேறு மாதிரிக் கேட்க முடியவில்லை.

இடம், பொழுதையும் சேர்த்துச் சொல்லலாம். விடிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் கேட்டதும், கரண்ட் போன மதியத்தில் வேர்வையோடு கேட்டதும் ஒன்றில்லை. சிலர் இதை வெட்டிப் பேச்சு என்று நினைத்துத் தவிர்க்கிறார்கள். எனக்கு அதுதான் வேண்டும். கிட்டார் என்ன கம்பெனி என்ற விவரம் எங்கேயும் கிடைக்கும்.

எத்தனை தடவை கேட்டிருந்தால் பேசலாம்?

ஒரு தடவை போதும். அரை தடவையிலும் பேசியிருக்கிறார்கள்.

இங்கே பழைய கணக்கு முறையில் அன்றாடக் குறிப்பு வேறு, பேரேடு வேறு, ஐந்தொகை வேறு. நடந்ததை நடந்த அன்றைக்கே குறிப்பில் எழுதுவார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நிலவரம் பார்ப்பது ஐந்தொகை. அதற்கென்று காலம் இருக்கிறது. நாங்கள் கேட்பது அன்றாடக் குறிப்பு. "உலகின் சிறந்த பத்து ஆல்பங்களில் இது உண்டா?" என்பது ஐந்தொகைக் கேள்வி, அதை யாரிடமும் கேட்பதில்லை. இன்னும் கேட்டு முடிக்காத ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போதுதான் பேச்சு உயிரோடு இருக்கிறது. இருபது வருடமாகக் கேட்டு முடிவு கட்டிவிட்ட ஆல்பத்தைப் பற்றி நான் பேசினால் எனக்கே கொட்டாவி வருகிறது.

அடுத்த மாதம் கருத்தை மாற்றிக்கொண்டு வரலாம். ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' பற்றி ஒரே ஆள் மூன்று மாதத்தில் மூன்று விதமாகப் பேசினார். முதலில் "அழுமூஞ்சி ஆல்பம்", பிறகு "இந்த அழுகையில் விஷயம் இருக்கு", கடைசியில் மகளுக்கு அனுப்பி வைத்துவிட்டார்.

எனக்கு ஸ்வரம், தாளம் எதுவும் தெரியாது. வரலாமா?

முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் நல்லது, அவ்வளவே.

எங்களிடம் தவில் வாசிக்கும் குடும்பத்திலிருந்து ஒரு தம்பி வருகிறான். 'டார்க் சைட்' ஆல்பத்தில் இரண்டாம் பக்கம் 'மணி' என்ற பாட்டில் தொடங்கும். முதலில் கல்லாப்பெட்டி திறக்கும் ஒலி, சில்லறை கொட்டும் ஒலி. அவற்றை நாடாவில் வெட்டி ஒட்டி வளையமாக ஓடவிட்டிருப்பார்கள். அந்தச் சத்தமே தாளமாகிவிடும், அதன் மேல் பேஸ் கிட்டார் வந்து உட்காரும். கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஒலி சிரிப்பை வரவழைத்தது. தம்பி சிரிக்கவில்லை, தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். "ஏழுண்ணே. மிஸ்ர சாபு மாதிரி எண்ணலாம். ஆனா அழுத்தம் நம்ம இடத்துல விழல" என்றான். கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டார் தனியாகக் கிளம்பியதும் நிமிர்ந்தான்: "இப்ப நாலுக்குப் போயிட்டாங்க." சரிதான். அந்தக் கிட்டார்ப் பகுதியில் நான்கு எண்ணிக்கைக்கு மாறிவிட்டு, மறுபடி ஏழுக்குத் திரும்பும். முப்பது வருடமாக அந்த இடத்தில் எனக்கு ஏன் உடம்பு லேசாகிறது என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கிலீஷ் வரிகள் புரியவில்லை.

பாதி எங்களுக்கும் புரிவதில்லை. பாடுகிற ஊர்க்காரர்களுக்கே புரியாத பாட்டுகளும் உண்டு. வரிகளைத் தேடிப் படித்துவிட்டு வந்தாலும் சரி, குரலை ஒரு வாத்தியமாக எடுத்துக்கொண்டாலும் சரி.

அதே 'டார்க் சைட்'டில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் பாடும் சொல்லே கிடையாது. க்ளேர் டோரி என்ற பாடகி 1973 ஜனவரியில் ஒரு மாலை வந்து, வார்த்தையில்லாமல் குரலை மட்டும் எழுப்பிக் கதறி அடங்கிவிட்டுப் போனார். அன்று கிடைத்த கூலி 30 பவுண்டு. அந்த இசையை உண்டாக்கியதில் தனக்கும் பங்குண்டு என்று 2004-இல் வழக்குப் போட்டார். மறு வருடம் சமரசமாகி அவர் பெயரும் சேர்ந்தது. எங்கள் கூட்டத்துக்கு வந்த ஆச்சி ஒருவர் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, "இது ஒப்பாரிதானே? இதுக்கு எதுக்கு இங்கிலீஷ்?" என்றார். மரணத்தைப் பற்றிய பாட்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பெரிய செட்டிநாட்டு வீட்டில் கேட்டால் சத்தம் பிரமாதமாக இருக்குமே?

நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். முதல் மாதம் கூடத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கரை வைத்தோம். உயரமான கூரை, முட்டை வெள்ளைக் கரு கலந்த சுண்ணாம்பால் வழவழவென்று தேய்த்த சுவர், ஆத்தங்குடி ஓட்டுத் தரை, பர்மா தேக்குத் தூண்கள். பார்க்க மாளிகை. ஆனால் சத்தத்தை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை. பட்ட ஒலி அத்தனையும் திரும்பி வருகிறது. டிரம்ஸ் ஒன்று அடித்தால் மூன்று கேட்டது, பேஸ் கிட்டார் கூழாகிவிட்டது. கல்யாண வீட்டு மைக்செட் இதைவிடத் தேவலை.

பிறகு பெரிய ஜமக்காளங்களை விரித்துப் பார்த்தோம். கொஞ்சம் அடங்கியது. கடைசியில் வழி கிடைத்தது வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டிய சாமான் அறையில். சுருட்டி வைத்த பாய்கள், தலையணை மூட்டைகள், சீர் சாமான், பழைய மெத்தைகள். பத்துக்குப் பத்துகூட இருக்காது. அங்கே 'டார்க் சைட்'டைப் போட்டபோது கடிகாரங்கள் அடிக்கும் இடத்தில் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தோம். இப்போது கேட்பது சாமான் அறையில், பேசுவது வளவில்.

ஆனால் பெரிய வீட்டின் எதிரொலி வீணான சரக்கு இல்லை. பதிவு செய்கிறவர்கள் அதைத் தேடிப் போயிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம் இது, விடமாட்டேன்.

லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம், 1971 நவம்பர். இங்கிலாந்தில் ஹெட்லி க்ரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில் பெரும்பகுதியை வாசித்தார்கள். 1795-இல் ஏழை விடுதியாகக் கட்டியது. கடைசிப் பாட்டுக்கு ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வாசல் கூடத்தில், மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, மேலே படியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார்கள். டிரம்ஸ் பக்கத்தில் மைக் இல்லை. அதனால் உங்கள் காதில் விழுவது தோலில் பட்ட அடி மட்டுமல்ல. அந்தக் கூடத்தின் உயரமும் சேர்ந்து விழுகிறது. மிசிசிப்பி ஆற்றில் 1927-இல் வந்த வெள்ளத்தைப் பற்றிய பழைய ப்ளூஸ் பாட்டு அது. கரை உடையப் போகிறது என்பதை வரிகளுக்கு முன்னால் அந்த டிரம்ஸே சொல்லிவிடும்.

டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' கதை இன்னும் வேடிக்கை. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் மாந்த்ரே ஊர்க் கசினோவில் பதிவு செய்யப் போனார்கள். அவர்கள் தொடங்கும் முன் அங்கே ஃப்ராங்க் ஜாப்பாவின் கச்சேரி நடந்தது. கூட்டத்தில் ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்துபோனது. குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதையில் மெத்தைகளை முட்டுக்கொடுத்து ஆல்பத்தை வாசித்து முடித்தார்கள். எரிந்த கதையே அதில் பாட்டாகவும் ஆயிற்று. கிட்டார் வாங்கிய எந்தப் பையனும் முதலில் வாசித்துப் பார்ப்பது அதன் தொடக்கத்தைத்தான். மெத்தை என்றதும் எங்கள் சாமான் அறை ஞாபகம் வந்து எல்லோரும் சிரித்தோம்.

மேலே சொன்ன 'ஓகே கம்ப்யூட்டர்', 1997, அதுவும் பாதிக்கு மேல் பாத் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையில் பதிவானதுதான். ஒரு பாட்டில் பாடகர் தாம் யார்க்கின் குரல் கல் படிக்கட்டில் பாடிப் பதிவானது. கூடத்தின் எதிரொலி ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஆல்பத்தை மறுபடி எதிரொலிக்கும் கூடத்தில் போட்டால் இரண்டு வீடும் சண்டை போடும். எங்களுக்கு இது புரிய மூன்று மாதம் ஆனது.

முனீஸ்வரன் கோயில் தெருவில் கிராமபோன் வாங்கியிருக்கிறேன். எல்.பி. கொண்டுவரட்டுமா?

ஐயோ, அதில் எல்.பி.யை வைக்காதீர்கள்! காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் குழாய் வைத்த கிராமபோன் 78 சுற்றுத் தட்டுக்கானது. எஃகு ஊசி, கனமான தலை. எல்.பி.யின் பள்ளம் மிக நுணுக்கம். அந்த ஊசி அதை உழுதுவிடும். வேகமும் வேறு என்பதால் பாட்டு எலிக்குரலில் கிறீச்சிடும். நான் செய்து பார்த்தவன். ரங்கூனிலிருந்து வந்த பெட்டி என்று சொல்லி விற்றார்கள், அந்தக் கதை எவ்வளவு நிஜமோ தெரியாது. ஆனால் என் எல்.பி.யில் விழுந்த கீறல் நிஜம்.

மற்றபடி எதில் கேட்டாலும் சரி. ஹெட்போன் நல்லது. போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், அதில் பேஸ் கிட்டார் என்ற மனிதரே காணாமல் போய்விடுவார்.

வரும் முன் விமர்சனங்களைப் படிக்கலாமா?

பேசிய பிறகு படியுங்கள். 1969-இல் லெட் செப்பலினின் முதல் ஆல்பம் வந்தபோது அமெரிக்காவின் பெரிய ராக் பத்திரிகையான ரோலிங் ஸ்டோன் அதை மட்டம் தட்டித்தான் எழுதியது. அதைப் படித்துவிட்டுக் கேட்டவர்களுக்குக் காது எப்படித் திறந்திருக்கும்?

பிடிக்காத ஆல்பத்தைப் பற்றிப் பேசலாமா?

அதுவும் குறிப்புதான். ஆனால் பிடித்ததற்கு உள்ள அதே நிபந்தனை: இடத்தைக் காட்ட வேண்டும்.

லூ ரீட் 1975-இல் 'மெட்டல் மெஷின் மியூசிக்' என்று இரட்டை ஆல்பம் ஒன்று வெளியிட்டார். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றையொன்று பார்த்து ஊளையிடும் சத்தம் மட்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல். நான்காம் பக்கத்தின் கடைசிப் பள்ளத்தைப் பூட்டிவிட்டார்கள். ஊசியைத் தூக்கும் வரை முடியவே முடியாது. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவி இதைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தார். பத்தாவது நிமிடம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஓடிவந்து மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனார். மோட்டார்தான் கெட்டுப்போய்க் கத்துகிறது என்று நினைத்துவிட்டார். சத்தம் நிற்கவில்லை, தண்ணீர்தான் நின்றது. நான்கு பேர் வளவுக்கு எழுந்து போய்விட்டோம். ஆனால் அந்தப் பெண் சொன்னது நிற்கிறது: "இருபது நிமிஷத்துக்கு அப்புறம் இதுக்குள்ள சின்னச் சின்ன ராகம் கேக்குது சார். அது அதுல இருக்கா, என் மூளை போடுதான்னு தெரியல." எனக்கு இன்னும் பிடிக்காது. மறுபடி ஒரு தடவை கேட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நம் ஆட்களின் ராக் எதுவும் வருவதில்லையா?

வருகிறது, நிறைய. டெல்லி இந்தியன் ஓஷன் குழுவின் 'கண்டிசா', 2000-இல் வந்தது. தலைப்புப் பாட்டு கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதிப்பாட்டை எடுத்துக்கொண்டது, மொழி அரமேயம். அதைக் கேட்டுவிட்டு யாரும் வரி புரியவில்லை என்று புகார் செய்ததில்லை, கவனியுங்கள். மலையாளத்தில் 'அவியல்' குழுவின் 2008 ஆல்பம். மொழி பக்கத்தில் இருப்பதால் பாதிச் சொல் பிடிபடும், மீதியைக் கிட்டார் இழுத்துக்கொண்டு போகும். தமிழில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்த பிறகு எங்கள் பேச்சின் தொனியே மாறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தொடங்கியது, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை. கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். அதுவரை கிட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்று யார் எந்தத் தெருவில் வளர்ந்தோம் என்று பேச ஆரம்பித்தோம். மணி ஒன்பதாகிவிட்டது.

நேரில் வர முடியாவிட்டால்?

எழுதி அனுப்புங்கள். ஒரு நீளமான கணக்கு நோட்டில் ஒட்டி வைக்கிறோம். நாலு வரி போதும். மாதிரிக்கு இரண்டு:

"ஜாய் டிவிஷன், 'அன்நோன் ப்ளெஷர்ஸ்', 1979. திருச்சி பஸ், ஜன்னல் ஓரம். டிரம்ஸ் பக்கத்து வீட்டில் அடிக்கிற மாதிரி தள்ளிக் கேட்கிறது, பாடுகிறவர் மட்டும் காதுக்குள் இருக்கிறார். திருமயம் தாண்டும்போது ஒரு பாட்டில் கண்ணாடி உடையும் சத்தம். பஸ்ஸில்தான் ஏதோ உடைந்தது என்று எட்டிப் பார்த்தேன்."

"ஃப்ளீட்வுட் மேக், 'ரூமர்ஸ்', 1977. சமையல் கட்டில், சீயத்துக்கு மாவு ஆட்டும்போது. பேண்டுக்குள்ளேயே இரண்டு ஜோடி பிரிந்துகொண்டிருந்த நேரத்தில் பதிவு செய்தார்களாம். பாகப்பிரிவினை நடக்கிற வீட்டில் பந்தி பரிமாறுகிற ஒழுங்கு இந்தக் குரல்களில். முதல் பக்கம் முடியும்போது மாவும் முடிந்தது."

இரண்டாவதை எழுதியவர் இதுவரை கூட்டத்துக்கு வந்ததே இல்லை. அவருடைய அடுத்த துண்டுச் சீட்டுக்காகத்தான் பாதிப் பேர் வருகிறோம்.

நேரம், சாப்பாடு, மற்றவை?

மாலை ஐந்துக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிக்க வேண்டும். வீடு பல பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் பெரிய மனது வைத்து அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறார், அவர் பெயரைக் கெடுக்கக் கூடாது. வீட்டில் விசேஷம் என்றால் அந்த மாதம் கூட்டம் இல்லை. ஆளுக்கு இருபது நிமிடம் பேச்சு, அதில் ஆல்பத்திலிருந்து ஒரு பகுதி போட்டுக் காட்டலாம். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் பெரும்பாலும் இருக்கும். எண்ணெய்க் கையோடு ஆம்ப்ளிஃபயரைத் தொடாதீர்கள்.

சரி, உங்களுக்கு இப்போது என்ன ஓடுகிறது?

டாக் டாக் குழுவின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்', 1988. அதற்கு முன் ரேடியோவில் ஓடும் பாப் பாட்டுகள் போட்டுக்கொண்டிருந்தவர்கள், இதற்காக லண்டனில் ஒரு ஸ்டுடியோவை இருட்டாக்கிக்கொண்டு மாதக்கணக்கில் ஆட்களை வரவழைத்து, தோன்றியதை வாசிக்கவிட்டு, அதிலிருந்து துளித் துளியாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். மொத்தம் ஆறு பாட்டு. முதல் பக்கத்தின் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியே ஓடுகின்றன.

ஐந்து தடவை ஆயிற்று, எல்லாம் மதியம், முகப்புத் திண்ணையில். தொடக்கத்தில் ஒரு ட்ரம்பெட் தூரத்தில் கேட்டுவிட்டு அடங்கும். அடுத்தது வரும் வரை ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் தெருவில் போகும் சைக்கிள், புறா, யாரோ வாளியை வைக்கும் ஓசை எல்லாம் ஆல்பத்துக்குள் வந்துவிடுகின்றன. மூன்றாவது தடவை கேட்கும்போது புறா சரியான இடத்தில் கூவியது. அடுத்த நாள் அதே இடத்தில் புறா இல்லை, குறையாக இருந்தது. மூன்றாம் பாட்டில் திடீரென்று எல்லா வாத்தியமும் சேர்ந்து கத்தும் இடம் ஒன்று உண்டு. வருகிறது என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் காபி சிந்துகிறது.

இரண்டாம் பக்கம் இன்னும் பிடிபடவில்லை. அங்கே ஒரு பாட்டில் தேவாலயச் சிறுவர்களின் குரல் வரும்போது மனம் எங்கேயோ போய்விடுகிறது. திரும்பி வருவதற்குள் ஆர்கன் வாசித்து ஆல்பமே முடிந்துபோகிறது. சாமான் அறையில் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும், புறா இல்லாமல்.